பாடும் குழந்தை: தொடக்கப் பள்ளிப் பாட்டின் யாப்பும் இசையும்

1. ஆய்வுப் பொருள்

தமிழில் குழந்தைப் பாடல்கள் பல்கியுள்ளன. அவற்றைப் பற்றிய ஆய்வுகளும் குறைவின்றி வந்துள்ளன. ஆயினும் அவ்வாய்வுகளுட் பெரும்பாலானவை பாட்டின் பொருளையே பகுத்துக் காண்கின்றன. அறம், நாட்டுப்பற்று, மொழிப்பற்று, இயற்கை, விலங்கு, பறவை எனத் தலைப்பிட்டு, ஒவ்வொன்றன் கீழும் எடுத்துக்காட்டுகளை அடுக்கி, கற்பனை நயமும் உவமை நயமும் கூறி முடிப்பது வழக்கமாகிவிட்டது. யாப்புப் பற்றிய இயல் ஒன்று இறுதியில் இருப்பின், அதனுள் இன்ன பாட்டு அறுசீர் விருத்தம், இன்ன பாட்டுக் கும்மி என்ற பட்டியல் இருக்கும். ஐந்து அகவைக் குழந்தை அப்பாட்டைத் தன் குரலிற் பாட இயலுமா, எவ்விடத்தில் மூச்சு வாங்கும், எவ்விடத்திற் சொல்லை விழுங்கும் என்னும் வினாக்கள் ஆங்கு எழுவதில்லை.

இவை இசையாசிரியர்க்கு உரிய வினாக்கள், தமிழாய்வார்க்கு உரியன அல்ல என்பார் உளர். அது பொருந்துமாறில்லை. தொடக்கப் பள்ளியில் பாட்டு இடம்பெறுவது தமிழ்ப் பாடநூலில். அதனைக் கற்பிப்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர். அதனைத் தெரிந்தெடுப்போர் தமிழ்ப் புலமையுடையோர். ஆதலின் அப்பாட்டின் இசைத்தகுதியை மதிப்பிடும் பொறுப்பும் தமிழ்த் திறனாய்வுக்கே உரியதாகின்றது. குழந்தைப் பாட்டின் முதன்மையான அளவுகோல் பாடப்படும் தன்மையே என்பதும், அதனை அளந்து காட்டும் கருவிகள் நம் இலக்கண மரபிலேயே உள்ளன என்பதும், அக்கருவிகளைக் கைவிட்டமையாற் பள்ளிப் பாட்டு நெட்டுருச் செய்யுளாய்க் குறுகியது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்பெறும்.

2. குழந்தையின் மூன்று நிலைகள்

குழந்தை தொடர்பான பாடல்கள் அனைத்தையும் ஒருங்கே குழந்தைப் பாடல் என்று வழங்குவதால் நேரும் குழப்பம் பெரிது. பாட்டினுட் குழந்தை நிற்கும் நிலையைக் கொண்டு அவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

ஒன்று, பாடப்படும் குழந்தை. பெரியாழ்வார் திருமொழியிற் கண்ணன் பாடப்படுகின்றான். ஒட்டக்கூத்தர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் முதலாக அவ்வகை நூல்கள் தனிச் சிற்றிலக்கியமாய் வளர்ந்தன. காப்பு முதலாகப் பத்துப் பருவமாய் அமைந்த அந்நூல்களைப் பாடுபவர் புலவர், கேட்பவர் சான்றோர், குழந்தை பொருளாக நிற்கின்றது.

இரண்டு, கேட்கும் குழந்தை. தாலாட்டும், சாய்ந்தாட்டப் பாட்டும், கைவீசற் பாட்டும், நிலாக் காட்டிச் சோறூட்டும் பாட்டும் இவ்வகையின. இவற்றைத் தாயும் பாட்டியும் பாடுகின்றனர். குழந்தை செவியாலும் மெய்யசைவாலும் அதனோடு இயைகின்றது.

மூன்று, பாடும் குழந்தை. பாட்டின் குரல் குழந்தையின் குரலாகவே இருப்பது இது. பள்ளிக்கு வேண்டுவது இம்மூன்றாம் வகை. முன்னை இரண்டும் பெரியோர் குரலுக்கு அமைந்தவை. அவற்றின் மூச்சளவும் சொல்லளவும் பெரியோர்க்கு உரியன. அவற்றை வாங்கி ஒன்றாம் வகுப்பில் வைப்பின், கருத்து எத்துணை எளிதாயினும் பாடுதல் எளிதாகாது. பாடநூற் குழுவினர் 'எளிய சொல், இனிய கருத்து' என்ற இரண்டனை மட்டும் நோக்கித் தெரிந்தெடுக்கும்போது இவ்வேறுபாடு மறைந்து போகின்றது.

3. தொல்காப்பியம் காட்டும் வழி

எழுத்துகளின் மாத்திரையை வரையறுக்கும் நூன்மரபின் இறுதியில் தொல்காப்பியர் ஓர் ஒழிபு கூறுகின்றார். உயிரெழுத்துகள் தமக்குரிய அளவைக் கடந்து ஒலித்தலும், ஒற்றெழுத்துகளின் ஒலி நீளுதலும் உண்டென்றும், அவை இசையோடு பொருந்திய யாழ்நூற் பகுதியைச் சார்ந்தன என்றும் அவர் கருத்து. இதனாற் பெறப்படுவது யாது? பேச்சில் வழங்கும் எழுத்தளவு வேறு, பாட்டில் வழங்கும் எழுத்தளவு வேறு என்பதனை இலக்கண நூலின் தொடக்கத்திலேயே ஆசிரியர் உணர்ந்துள்ளார். குறிலும் நெடிலும் பாட்டினுள் தாளத்துக்கு ஏற்ப விரியவும் கூடும். ஆதலின் எழுத்தெண்ணி அசை பிரித்த அளவில் ஒரு பாட்டின் ஓசையை முற்றும் அறிந்தவராகோம்.

செய்யுளியலிற் கூறப்படும் பண்ணத்தியும் ஈண்டு நோக்கத்தக்கது. பாட்டினிடையே கலந்த பொருளை உடையதாய்ப் பாட்டின் இயல்பினதாய் வருவது பண்ணத்தி என்பர். பேராசிரியர் அதற்கு எடுத்துக்காட்டாக மோதிரப்பாட்டு, கடகண்டு முதலியவற்றின் பெயர்களைச் சுட்டுகின்றார். இவை மக்கள் வழக்கில் இருந்த எளிய பாடல்கள் எனக் கருத இடனுண்டு. பண்ணொடு பிறந்த எளிய பாட்டுக்குச் செய்யுளிலக்கணத்தில் இடந்தந்த மரபு நம்முடையது. பிற்காலத்துப் பாட்டியல் நூல்கள் அவ்விடத்தை விரிக்காது விட்டன. சிந்து, கும்மி, ஆனந்தக் களிப்பு ஆகியன மக்களிடையே வாழ்ந்தும் இலக்கணம் பெறாமல் நெடுங்காலம் நின்றன. அண்மைக் காலத்தில் இரா. திருமுருகன் 'சிந்துப் பாவியல்' இயற்றி அக்குறையைப் பெரிதும் போக்கினார்.

4. சீரும் தட்டும்

அசையளவும் தாளவளவும் வேறுபடும் இயல்பினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதல் நலம். பிறர் பாட்டைக் குறை கூறும் நோக்கம் ஈண்டு இன்மையின், விளக்கத்தின் பொருட்டு இரண்டடியை யாமே அமைத்துக்கொள்கின்றோம்.

ஆற்று மேட்டு மணலிலே
ஆமை ஒன்று நடக்குது

யாப்பு நோக்கில் ஒவ்வோரடியும் தேமா, தேமா, கருவிளம் என்ற முச்சீரடி. பாடும்போதோ அது நான்கு தட்டுகளாகின்றது. சந்தக் கணக்கில் குறில் ஒன்று; நெடில் இரண்டு; குறிலொற்றும் நெடிலொற்றும் இரண்டிரண்டு; சொல்லிறுதி ஐகாரம் குறுகி ஒன்று. இவ்வாறு எண்ணின் 'ஆற்று' மூன்று, 'மேட்டு' மூன்று, 'மணலி' மூன்று ஆகின்றன. எஞ்சிய 'லே' இரண்டே மாத்திரை பெற்று, ஒரு மாத்திரை நீண்டு நான்காம் தட்டை நிரப்புகின்றது. இரண்டாமடியில் 'ஆமை', 'ஒன்று', 'நடக்' என்பன மூன்று தட்டுகள். 'குது' என்பது நீண்டு நான்காவதாகின்றது. மூன்றாம் சீர் இரண்டு தட்டுகளிற் பரந்து நிற்றலைக் காண்க. சீரெண்ணிக்கையை மட்டும் எழுதி வைப்பவர் இந்நிகழ்ச்சியைக் காண்பதில்லை.

இனி 'ஆற்று' என்னுமிடத்திற் 'காட்டின்' என்று மாற்றுவோம். மோனையை இப்போதைக்கு மறந்துவிடலாம். இரண்டும் தேமாவே, யாப்பிற் குற்றமில்லை. ஆனால் 'காட்டின்' நான்கு மாத்திரை பெறுகின்றது. மூன்று மாத்திரைத் தட்டில் அது அடங்காது. பயிற்சி பெற்ற பாடகர் அதனை ஒருவாறு நெருக்கி அடக்குவார். குழந்தை ஒன்று செய்யும்: ஈற்று னகரத்தை விழுங்கும், அல்லது தாளத்தைத் தவறவிடும். 'மணலிலே' என்பதனை 'மணலினில்' என்று மாற்றினும் கருவிளம் கருவிளமாகவே நிற்கும். ஆயின் நீளவேண்டிய இடத்தில் 'லே' என்ற திறந்த நெடில் போய், லகர ஒற்றால் மூடிய 'னில்' வந்து நிற்கின்றது. ஒற்றிசை நீட்டுதல் இயலாதது அன்று. ஆசிரியரே அதனைக் கூறினார். எனினும் இளங்குரலுக்கு இயல்பாக நீள்வது உயிரே. ஆதலின் தட்டு நீளும் அடியிறுதியில் ஆ, ஏ, ஓ போலும் நெட்டுயிர் வருதல் குழந்தைப் பாட்டுக்குச் சிறந்த அமைதி என்க.

கும்மியும் இவ்வுண்மைக்குச் சான்று பகரும். கும்மியடி எழுசீரால் அமைந்து வெண்டளை தழுவிவரும் என்பர். கும்மியடிக்கும் மகளிர் கையோ எட்டு முறை தட்டுகின்றது. எட்டாம் தட்டுக்கு உரிய சொல் ஏட்டில் இல்லை. ஏழாம் சீரின் இறுதி நீண்டு அதனை நிரப்புகின்றது. ஏட்டில் வெற்றிடமாய்த் தோன்றுவது பாட்டின் மூச்சிடம்.

5. நான்கு பாடல்கள்

மேற்கூறிய அளவுகோலைக் கொண்டு, யாவரும் அறிந்த நான்கு பாடல்களை நோக்குவோம்.

முதலாவது பாரதியாரின் பாப்பாப் பாட்டு. 1915ஆம் ஆண்டில் வெளிவந்த இப்பாட்டினை அறநெறிப் பாட்டு என்றே ஆய்வாளர் பலரும் மதிப்பிட்டனர். பெரியவர் ஒருவர் குழந்தையை விளித்துக் கூறும் அமைப்பினது ஆதலின், இது கேட்கும் குழந்தைக்குரிய இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குழந்தைகளே இதனைப் பாடி வருகின்றனர். இதற்குக் காரணம் கருத்துச் சிறப்பு ஒன்றே என்றல் அமையாது. அடிதோறும் இறுதியில் அவ்விளிச்சொல் மீண்டு வருகின்றது. அதன் ஈறு ஆகாரம். வாய் முழுதும் திறந்து ஒலிக்கும் உயிர். புதிய சொற்கள் அடியின் முற்பகுதியிற் கடினமாக வரினும், பழகிய இறுதிச் சொல்லிற் குழந்தை வந்து இளைப்பாறுகின்றது. பாட்டின் பிற்பகுதியில் நாடு, மொழி, சாதி பற்றிய கருத்துகள் செறிந்து, குழந்தைக்கு எட்டாத சொற்களும் புகுகின்றன. அவற்றையும் தாங்கிச் செல்வது அவ்வாகார ஈறே. தம் பாடல்கள் பலவற்றுக்கு இராகமும் தாளமும் வருணமெட்டும் குறித்து வைத்த புலவர் பாரதியார். அவர் செவி இதனைத் தானே அமைத்துக்கொண்டது.

இரண்டாவது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பசுவும் கன்றும் பற்றிய பாட்டு. கவிமணி (1876-1954) பள்ளியாசிரியராய்ப் பணிபுரிந்தவர். இப்பாட்டின் நடை கும்மியின் நடை. தட்டொன்றுக்கு மூவொலி பெற்று ஓடுவது. ஒவ்வோரடியின் முற்பாதியும் பசுவின் பெயரில் முடிகின்றது. பிற்பாதி கன்றின் பெயரில் முடிகின்றது. இரண்டுக்கும் இடையே குறுகிய தனிச்சொல் ஒன்று பாலம்போல் நிற்கின்றது. வினைகள் யாவும் கண்ணாற் காணத்தக்கன: மேய்தல், துள்ளுதல், ஓடுதல், நக்குதல், முட்டிக் குடித்தல். இவ்வமைப்பின் பயனைப் பாடிப் பார்த்தாலன்றி அறிய இயலாது. வகுப்பின் ஒரு பாதி பசுவாகவும் மறு பாதி கன்றாகவும் நின்று மாறிமாறிப் பாடுதற்கென்றே இப்பாட்டு வகுக்கப்பட்டதுபோல் உள்ளது. ஒரு பாதியினர் பாடும்போது மறு பாதியினர் மூச்சு வாங்குவர். தனிச்சொல் வரும் இடம் கைமாறும் இடம். தாயன்பு என்ற கருத்து எங்கும் சொல்லால் உரைக்கப்படவில்லை. அழைப்பும் விடையுமாய் அமைந்த இசையமைதியே அதனை உணர்த்துகின்றது. பொருள்நயம் கூறும் உரைகள் 'எளிமை' என்ற ஒரு சொல்லில் இப்பாட்டை முடித்துவிடுகின்றன. அவ்வெளிமை எங்கிருந்து வருகின்றது என்பதே திறனாய்வு விடையளிக்க வேண்டிய வினா.

மூன்றாவது யாழ்ப்பாணத்து நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு. அப்புலவரும் (1878-1953) ஆசிரியராய் வாழ்ந்தவரே. ஆடி முதல்நாள் விடுமுறையையும் அன்று காய்ச்சும் கூழையும் கொழுக்கட்டையையும் எண்ணிச் சிறுவர் களிக்கும் பாட்டு இது. இங்கே விளிக்கப்படுவோர் தோழர், விளிப்பவரும் தோழரே. பாரதியார் பாட்டிற் குழந்தை தனக்குக் கூறப்பட்ட அறிவுரையைத் தானே பாடுகின்றது. சோமசுந்தரப் புலவர் பாட்டிலோ தன் மகிழ்ச்சியைத் தன் கூட்டத்தார்க்குப் பாடுகின்றது. தூய மூன்றாம் வகைக்கு இதனினும் சிறந்த சான்று அரிது. யாழ்ப்பாணத்துச் சிற்றூர்ச் சமையல் முறைகள் இப்பாட்டில் நிரலே வருகின்றன. அச்செய்முறைக்குரிய அசைவுகளே தாளத்துக்கும் துணையாகின்றன.

நான்காவது அழ. வள்ளியப்பாவின் மாம்பழப் பாட்டு. குழந்தைக் கவிஞர் எனப் போற்றப்பெற்ற வள்ளியப்பா (1922-1989) அடிதோறும் ஒரே பழப்பெயரை ஈற்றில் நிறுத்தி, முன்னே வரும் அடைமொழியை மட்டும் மாற்றிக்கொண்டு செல்கின்றார். குழந்தை ஓரடிக்கு ஒரு சொல் மட்டும் புதிதாகக் கற்றாற் போதும். பழக்கம் முற்றித் தாளம் காலில் இறங்கிய நிலையில், ஒரு வினா வந்து அவ்வொழுக்கை முறிக்கின்றது. பின்னர் யாவரும் கூடிப் பகிர்ந்துண்ணும் அழைப்புடன் பாட்டு முடிகின்றது. பகிர்ந்துண்ணல் என்னும் அறம் தனியே கூறப்பெறாமல், கூடிப் பாடும் செயலிலேயே நிகழ்ந்துவிடுகின்றது. சொற்செறிவோ கற்பனைச் சிறப்போ தேடுவார்க்கு இப்பாட்டில் ஒன்றும் கிடைக்காது. அவ்வளவுகோலே ஈண்டுப் பிழையானது.

இந்நான்கனையும் ஒருங்குவைத்து நோக்கின் மூன்று இயல்புகள் பொதுவாய் விளங்கும். மீண்டும் வரும் சொல்லுக்கு நிலைத்த இடம் உண்டு. மூச்சு வாங்கும் இடம் பொருள் முடியும் இடத்தோடு ஒன்றுகின்றது. தட்டுக்குரிய மாத்திரை பெரும்பாலும் பிறழ்வதில்லை. இவற்றைச் சொல்லாமற் 'சந்த நயம் மிக்கது' என்று எழுதுவது ஆய்வாகாது.

6. இயலும் இசையும் பிரிந்தமை

இத்தகைய பாடல்கள் இருந்தும் வகுப்பறையிற் பாட்டு ஏன் மெலிந்தது? இயற்கல்வியும் இசைக்கல்வியும் பிரிந்து நின்ற வரலாற்றில் இதற்கு ஒரு விடை உண்டு.

உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரத்தில்' தரும் ஒரு செய்தி ஈண்டுக் கருதத்தக்கது. 1871ஆம் ஆண்டில் அவர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்கச் சென்றார். அவ்வூரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்றார். இசையிற் பழக்கம் மிகுமாயின் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஆழ்ந்து செல்லாது என்று ஆசிரியர் கருதினமையின், மாணவர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். பெரும்புலவர் ஒருவர் தம் மாணவர்மீது கொண்ட அக்கறையின் விளைவு அது. அதனைக் குறையாகக் கூறுதல் எம் நோக்கமன்று. இசையிலக்கணச் செய்திகள் நிறைந்த சிலப்பதிகாரத்தை 1892ஆம் ஆண்டில் அச்சிட்டு உலகுக்கு அளித்தவரும் அம்மாணவரே. எனினும் இயல் ஆழ்வதற்கு இசை இடையூறு என்ற எண்ணம் புலமை மரபில் எத்துணை வேரூன்றியிருந்தது என்பதனை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

திண்ணைப் பள்ளிகளில் நிலை வேறு. சட்டாம்பிள்ளை முன்னே சொல்லப் பிள்ளைகள் பின்னே சொல்லும் முறையில், ஆத்திசூடி முதல் எண்சுவடி வரை யாவும் ஓசையோடு ஒப்புவிக்கப்பெற்றன. அதனை இசை என்று கூற இயலாது. ஆயின் ஒரு சீரான தட்டும் கூட்டுக்குரலும் அங்கே இருந்தன. புதிய பள்ளிமுறை அந்நெட்டுருவைப் பழித்து விலக்கியது. விலக்கிய இடத்தில் அமைதியான வாசிப்பை வைத்தது. நெட்டுருவோ போகவில்லை. மனப்பாடப் பகுதி என்னும் பெயரால் அது பாடநூலில் நிலைத்தது. ஓசையொழிந்த நெட்டுரு எஞ்சியது என்பதே உண்மை. பாட்டின் அடிகளை அடிபிறழாமல் எழுதிக்காட்டுவது தேர்வாயிற்று. பாடிக்காட்டுவதற்கு மதிப்பெண் இல்லையாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தமிழிசை மறுமலர்ச்சி இக்குறையை நீக்கியிருக்கக்கூடும். ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917ஆம் ஆண்டில் வந்தது. 1943ஆம் ஆண்டிற் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947ஆம் ஆண்டில் அரங்கேறியது. பழம்பண்களை மீட்டதும், மேடையில் தமிழுக்கு இடம் பெற்றுத் தந்ததும் அப்பெருமக்களின் அருஞ்செயல். ஆயின் விவாதம் பெரும்பாலும் கச்சேரி மேடையையும் ஆராய்ச்சி மன்றத்தையும் பற்றியே நடந்தது. ஒன்றாம் வகுப்பின் பாட்டு அதனுள் சிறிதே இடம்பெற்றது. பெரியசாமித் தூரன் (1908-1987) போன்றார் இதற்கு விலக்காவர். பள்ளியாசிரியராய் இருந்த அவர் இசைப்பாடல்களும் இயற்றினார், குழந்தைகட்கும் எழுதினார், குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பதிப்பித்தார்.

7. தமிழ்த்தாய் வாழ்த்துத் தரும் சான்று

இசையொடு பொருந்திய பாட்டுக் குழந்தை நாவில் நிலைத்தற்குத் தமிழகத்துப் பள்ளிகளில் நாள்தோறும் காணத்தக்க சான்று ஒன்று உண்டு. சுந்தரம் பிள்ளை 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட மனோன்மணீயத்தின் வாழ்த்துப் பகுதி, 1970ஆம் ஆண்டிற் பொதுவாழ்த்துப் பாடலாக அரசால் ஏற்கப்பெற்றது. எம். எஸ். விசுவநாதன் அதற்கு இசையமைத்தார். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அதனை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, முல்லைப்பாணி எனப்படும் மோகன இராகத்தில், மூன்றன் நடையில், 55 வினாடிகளிற் பாடுமாறு வரையறுத்தது.

அப்பாட்டின் சொற்களைப் பாடநூற் குழு ஒன்றன் முன் வைத்து, இது முதல் வகுப்புக்கு ஏற்றதா என்று வினவின், ஏற்றதன்று என்றே விடை வரும். நீண்ட உருவகமும், அருஞ்சொற்களும், தொடர்ந்து செல்லும் வாக்கியமும் உடையது அது. எனினும் ஆறு அகவைக் குழந்தை அதனை முழுதும் பாடுகின்றது. அதே குழந்தை தன் பாடநூலில் உள்ள எளிய எட்டடியை அரையாண்டு கழிந்தபின் மறந்துவிடுகின்றது. வேறுபாட்டுக்குக் காரணம் நான்கு: மெட்டு நிலையானது, தாளம் நிலையானது, பாடுவது கூட்டமாக, பாடுவது நாள்தோறும். 'எளிய சொல், இனிய கருத்து' என்ற அளவுகோலின் போதாமையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டா.

பொருளுணராமற் பாடுதல் பயனுடையதோ என்னும் தடை இவ்விடத்தில் எழும். தடை வலியுடையதே. சொற்களைச் சிதைத்துப் பாடும் குழந்தைகளையும் யாம் கேட்டுள்ளோம். ஆயின் சிதைவு பெரும்பாலும் தட்டின் எல்லை சொல்லின் எல்லையோடு மாறுபடும் இடத்திலேயே நிகழ்கின்றது. அவ்விடங்களை அறிந்து சொற்பிரித்துக் காட்டுவது தமிழாசிரியர் கடமை. பொருள் பின்னர் வந்து சேர்வதற்கு ஓசை இடம்பிடித்து வைக்கின்றது. தாய்மொழியைக் குழந்தை கற்பதும் அம்முறையாலன்றோ?

8. குரலின் எல்லை

சந்தம் செவ்விதாய் அமைந்தும், மெட்டுக் குழந்தையின் குரலெல்லையைக் கடப்பின் பாட்டு நிலையாது. மோகனம் ஐந்து சுரத்தால் இயன்றது. அரைச்சுர இடைவெளி அதனுள் இல்லை. இளங்குரல் தடுமாறும் நுண்ணிய இடைவெளிகள் அதில் இல்லாமையின், கூட்டமாய்ப் பாடும்போது பிழை குறைகின்றது. இக்கருத்து நமக்கே உரியது அன்று. அங்கேரி நாட்டு இசைப்புலவர் சோல்தான் கோடாய் (1882-1967) தம் நாட்டு மக்கள் பாடல்களைச் சிற்றூர்தோறும் சென்று தொகுத்தவர். மக்கட்பாட்டே குழந்தையின் இசைத் தாய்மொழி என்றும், ஐஞ்சுரப் பாடல்களிலிருந்து கல்வி தொடங்குதல் வேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார். நாள்தோறும் பாட்டுக்கு இடந்தந்த தொடக்கப் பள்ளி 1950ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கெச்கெமேட்டு நகரில் தொடங்கியது. அவர் முறையால் மக்களிசை காக்கப்படுவதனை யுனெஸ்கோ 2016ஆம் ஆண்டிற் பாராட்டிப் பதிவுசெய்தது.

சுரத்தைக் கற்பிக்கும் முறைக்கும் நம் நூலில் ஓர் அரிய காட்சி உண்டு. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில், மாதரி எழுவர் கன்னியரை வட்டமாய் நிறுத்தி, அவர்க்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனச் சுரப்பெயர்களையே பெயராக இடுகின்றாள். பின்னர்க் குரலை மாயவன் என்றும், இளியைப் பலராமன் என்றும், துத்தத்தை நப்பின்னை என்றும் கொண்டு ஆடல் தொடங்குகின்றது. அது பள்ளிக்கூடம் அன்று. ஊருக்கு நேர்ந்த தீநிமித்தம் கண்டு ஆடிய கூத்து. ஆயினும் சுரம் என்பது ஓர் ஆளாய், ஓர் இடமாய், அடுத்த சுரத்தோடு கைகோத்த உறவாய்க் காட்டப்படுகின்றது. ஏழு குழந்தைகளை வட்டமாக நிறுத்தக்கூடிய எப்பள்ளியிலும் இம்முறையைக் கையாளலாம். கருவி வேண்டா, பொருட்செலவும் வேண்டா. அடியார்க்கு நல்லார் உரையில் இப்பகுதியைப் பாடங்கேட்கும் முதுகலை மாணவர், சுரநிரலையும் பாலைத் திரிபையும் கற்றுத் தேர்வெழுதுகின்றனர். இதனை ஒருமுறையேனும் நின்று பாடிப் பார்த்தவர் சிலரே.

அண்மைக் காலத்துப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பெற்று, பாடல்களை ஒலிப்பதிவாகக் கேட்க வழி செய்யப்பட்டுள்ளது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாட்டுக்கும் அசைவுக்கும் இடமுண்டு. இவை வரவேற்கத்தக்கன. மெட்டு அறியாத ஆசிரியர்க்கு ஒலிப்பதிவு பெருந்துணை. ஆயினும் கேட்கும் குழந்தை வேறு, பாடும் குழந்தை வேறு என்பதனை மறத்தலாகாது. கருவியிசை நிறைந்து, குழந்தைக்கு எட்டாத சுருதியில் அமைந்த பதிவு, குழந்தையை மீண்டும் இரண்டாம் நிலைக்கே தள்ளிவிடும். பதிவு ஒலித்து நின்றபின் வகுப்பு எழுப்பும் ஒலியே அதன் பயனை அளக்கும்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: குழந்தைப் பாட்டு என்ற பொதுப்பெயரின் கீழ் மூன்று வேறு வகைகள் உள்ளன, அவற்றுட் பள்ளிக்கு உரியது பாடும் குழந்தையின் பாட்டு. அதன் ஓசையைச் சீரால் மட்டும் அளத்தல் போதாது. தட்டாலும் மாத்திரையாலும் அளத்தல் வேண்டும். இதற்கு இசைவு தொல்காப்பியத்திலேயே உண்டு. பாரதியார், கவிமணி, சோமசுந்தரப் புலவர், வள்ளியப்பா ஆகியோர் பாடல்கள் நிலைபெற்றமைக்கு இவ்வளவு பொருந்தியிருத்தல் பெருங்காரணம்.

இனிச் செய்யத்தக்கன இரண்டு. பாடநூலிற் பாட்டைச் சேர்ப்போர், அதனை அச்சுக்கு அனுப்புமுன் குழந்தைகள் கூட்டத்திற் பாடச் செய்து கேட்டல் வேண்டும். மெட்டும் தாளமும் பாட்டின் தலைப்பிலேயே குறிக்கப்படல் வேண்டும். பாரதியார் தம் பாடல்கட்குச் செய்தது அது. இரண்டாவது நம் துறைகளைச் சார்ந்தது. குழந்தைப் பாடல்களை ஆராயும் மாணவர், நூலகத்தோடு அமையாது, ஒரு தொடக்கப் பள்ளியின் வாயிலிலும் சில நாள் நிற்றல் வேண்டும். எவ்வடியிற் குரல் ஓங்குகின்றது, எச்சொல் சிதைகின்றது, எவ்விடத்திற் கூட்டம் தாளம் தப்புகின்றது என்பனவற்றைக் குறித்து வந்தால், யாப்பிலக்கணத்துக்கே புதிய இயல் ஒன்று கிடைக்கும். பண்ணத்திக்கு இடந்தந்த செய்யுளியல் அதனையும் ஏற்றுக்கொள்ளும்.